காட்டு வேலைக்கு ஒரே கத்தி: 3வி எஃகா, லாரிப் பட்டையா?

மிளகுக்கொடி:
தாண்டிக்குடிக்குக் கீழே இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறேன். சில்வர் ஓக் கிளை கழிக்க, விறகு பிளக்க, கயிறு அறுக்க, எல்லாவற்றுக்கும் இடுப்பில் ஒரே கத்தி இருந்தால் போதும். மடக்குக் கத்தி வேண்டாம். போன வருடம் வாங்கிய டி2 எஃகுக் கத்தி காய்ந்த கணுவில் பட்டதும் வாய் பல்லுப் பல்லாகப் பெயர்ந்துவிட்டது. பணம் சேர்த்துச் சிபிஎம் 3வி எஃகில் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

நுண்துகள்:
சரிதான், தயங்காதீர்கள். டி2வில் கார்பன் சுமார் 1.5 சதவீதம், குரோமியம் 12 சதவீதம். உருக்கு உறையும்போதே இரண்டும் சேர்ந்து பெரிய கார்பைடு கட்டிகளாகிவிடும். அடி விழுந்தால் விரிசல் அங்கேதான் பிறக்கும். 3வியில் கார்பன் 0.8, குரோமியம் 7.5, வனேடியம் 2.75 சதவீதம். உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சித் துகளாக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் மறுபடி கட்டியாக்குகிறார்கள். அதனால் கார்பைடுகள் பொடியாக, சீராகப் பரவியிருக்கும். ராக்வெல் அளவில் 60 வரை கடினமாக்கினாலும் அடி தாங்கும்.

உலைக்கரி:
தம்பி, வாங்குவதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். உங்கள் டி2வின் வாய்க்குப் பின்னால் சதை எவ்வளவு இருந்தது? என் அப்பா லாரி ஸ்பிரிங் பட்டையில் அரிவாள் அடித்துத்தான் எங்களைப் படிக்கவைத்தார். பெயர்ந்துபோய் வந்த கத்திகளில் பாதிக்கு மேல் சாணையில் மெலிந்து போனவை என்பார். 5160 போன்ற ஸ்பிரிங் எஃகில் கார்பன் 0.6 சதவீதம்தான், குரோமியம் ஒன்றுக்கும் குறைவு. நேபாளக் கொல்லர்கள் லாரிப் பட்டையில்தான் குக்ரி அடிக்கிறார்கள். பழுக்கக் காய்ந்த கத்தியின் வாயில் மட்டும் கெட்டிலால் தண்ணீர் ஊற்றித் தோய்ச்சல் வைப்பார்கள். வாய் இறுகும், முதுகு இளக்கமாக நிற்கும். அந்தக் குக்ரி மரத்தையே வெட்டிச் சாய்க்கிறது.

நுண்துகள்:
அண்ணா, உங்கள் அப்பாவின் கைமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் பல லட்சம் கிலோமீட்டர் குலுங்கிய பட்டைக்குள் மயிரிழை விரிசல் இருந்தால் யார் கண்டார்? அது என்ன எஃகு என்பதும் தெரியாது. 5160ஐ ஏறத்தாழ 830 டிகிரியில் தோய்க்க வேண்டும். உலையில் 100 டிகிரி கூடிவிட்டாலே எஃகுக்குள் இருக்கும் நுண்படிக மணிகள் பருத்து, கத்தி முறியக்கூடியதாகிவிடும். அதைக் கண்ணால் அளக்க முடியும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

உலைக்கரி:
விரிசல் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. அப்பாவிடமே ஒரு அரிவாள் நடுவில் முறிந்து திரும்பி வந்தது. முறிந்த முகத்தில் பாதி பழைய துருவாக இருந்தது. அன்றிலிருந்து புதுப் பட்டை வாங்கித்தான் அடித்தார். சூட்டை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏறத்தாழ 770 டிகிரியில் காந்தம் ஒட்டாமல் போகும். அதற்குமேல் ஒரு சாயல் நிறம் ஏறினால் போதும் என்பதை இருட்டுப் பட்டறையில் பார்த்துப் பழகியவர் அவர். 3விக்கு 1,000 டிகிரிக்கு மேல், அளந்து நிறுத்தும் உலை வேண்டும். செய்தவர் அதில் குறை வைத்தால் பெயர் மட்டுமே மிஞ்சும். இன்னொன்று, வனேடியம் கார்பைடு சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானது. தோட்டத்தில் உட்கார்ந்து கூர் போட அதிக நேரம் ஆகும்.

ஈரக்காடு:
மழையை இருவரும் மறந்துவிட்டீர்கள். துருவைத் தடுக்கக் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதமாவது வேண்டும். 3வியும் துருப்பிடிக்கும், பட்டை இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். 14சி28என் எஃகில் குரோமியம் 14 சதவீதம், கார்பன் 0.62. எஃகு ஆய்வாளர் லேரின் தாமஸ் செய்த முறிவுச் சோதனைகளில் அது 3விக்கு அருகில் நிற்கிறது. ஊரெல்லாம் புகழும் 1095 எஃகு வெகு கீழே கிடக்கிறது. மோரா கார்பெர்க் என்ற ஸ்வீடன் கத்தியின் துருப்பிடிக்காத வகையில் 14சி28என்தான். பருமன் 3.2 மில்லிமீட்டர், காம்பு பிடியின் கடைசி வரை போகிறது.

உலைக்கரி:
1095 கீழே கிடக்கும் என்பது சரி. அதில் கார்பன் 0.95 சதவீதம், தோய்த்தால் உடையும் குணம் கூடிவிடும். ஆனாலும் அதே எஃகில் செய்த எஸ்ஸீ 6 கத்தி எத்தனை காடுகளில் அடி வாங்கி நிற்கிறது! பருமன் 4.8 மில்லிமீட்டர், கடினம் 55 முதல் 57 வரைதான். வடிவமும் இளக்கமும் எஃகின் குறையைச் சுமக்கின்றன. நான் முதலிலிருந்து சொல்வது இதைத்தான்.

நுண்துகள்:
அதே எஸ்ஸீயை நான் என் பக்கம் இழுக்கிறேன். 4.8 மில்லிமீட்டர் முதுகு விறகுக்கு ஆப்பு. கயிற்றையும் பழத்தையும் அது அறுக்காது, பிளக்கும். நீங்கள் பருமனால் ஈடுகட்டுவதை நான் எஃகால் ஈடுகட்டுகிறேன். மெல்லிய வாய், குறைந்த எடை, நாள் முழுக்க இடுப்பில் பாரம் இல்லை. இவருக்கு ஒரே கத்தி வேண்டும் என்றால் இந்த வழிதான் உண்டு.

உலைக்கரி:
வாய் மெலியலாம், ஒப்புக்கொள்கிறேன். இதை நான் முன்பே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் முதுகை மெலிக்காதீர்கள். விறைப்பு எஃகின் பெயரைப் பார்ப்பதில்லை. ஒரே பருமனில் 3வியும் பட்டையும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வளையும். பருமன் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. நீங்கள் இருவரும் பேசாத ஒன்றும் இருக்கிறது. காம்பும் அலகும் சேரும் மூலையைச் செங்கோணமாக வெட்டியிருந்தால் எந்த எஃகும் அங்கேதான் முறியும். அந்த மூலை வளைவாக இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

மிளகுக்கொடி:
உலைக்கரி அண்ணன் கேட்ட பிறகு டி2வை எடுத்து அளந்தேன். கயிறு நன்றாக அறுக்கட்டும் என்று நானேதான் கல்லில் படுக்க வைத்துத் தேய்த்திருக்கிறேன். வாயின் கோணம் ஒரு பக்கம் 15 டிகிரிகூடத் தேறாது.

நுண்துகள்:
அப்படியென்றால் கத்தியின்மேல் முழுப் பழி போட முடியாது. பெயர்ப்பு முழுவதும் போகும்வரை தேய்த்து, பக்கத்துக்கு 22 டிகிரி வையுங்கள். அதே போன்ற கணுவில் மறுபடி பெயர்ந்தால் 3வி வாங்குங்கள்.

உலைக்கரி:
கணுவுக்குப் போகுமுன் ஒரு பித்தளைக் கம்பியைக் கிடத்தி, கத்தியைச் சாய்த்து வாயை அதன்மேல் அழுத்தி இழுத்துப் பாருங்கள். வாய் லேசாக வளைந்து திரும்பினால் நல்லது. வளைந்தபடியே நின்றால் தோய்ச்சல் போதவில்லை. பொடிந்தால் கோணத்தை இன்னும் இரண்டு டிகிரி கூட்டுங்கள். 3வி வந்தாலும் முதல் நாளே இதைச் செய்துவிட்டு எழுதுங்கள் தம்பி.