‘சிங்குலேஷன்’: ‘சீர்விதைப்பு’ என்ற சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். சிறு சோதனைப் பாத்திகளில் பழைய விதைப்பான்களை ஓட்டுவோருக்கான கையேட்டில், விதைகளைப் பொறி ஒவ்வொன்றாகப் பிரித்து விடுவதைக் குறிக்கும் ‘சிங்குலேஷன்’ என்பதற்குச் ‘சீர்விதைப்பு’ என்று இடலாம் என முந்தைய மடலில் முன்மொழியப்பட்டிருந்தது. ஓசை நன்றாகவே இருக்கிறது. ஆயினும் பொறிக்குள் நடப்பதையும் மண்ணில் நடப்பதையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால், பழுதைத் தேடுபவரை அது தவறான இடத்துக்கு அனுப்பிவிடும் என்று அஞ்சுகிறேன்.

தட்டு வகை விதைப்பானில், விதைப்பெட்டியின் அடியில் சுழலும் தட்டின் ஒவ்வொரு குழியும் ஒரு விதையை ஏந்திக்கொள்ள, மேலே தங்கிய மிகுதியைச் சுருள்வில் பொருத்திய நாக்கு ஒன்று ஒதுக்கிவிட, குழியில் உள்ள விதை குழாயின் வாய்க்கு வந்ததும் கீழே தள்ளப்படுகிறது. சிங்குலேஷன் என்பது இவ்வளவே. குழாயின் வாயோடு அது முடிந்துவிடுகிறது. அதன் பின் விதை குழாயின் சுவரில் மோதலாம், சாலில் விழுந்து துள்ளலாம், உருளலாம். தட்டுக்கு இவற்றில் எந்தப் பொறுப்பும் இல்லை.

ஒரு கணக்கைப் பாருங்கள். விதைக்கு விதை 20 செ.மீ. வேண்டும் என்றும், பொறி விநாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் நகர்கிறது என்றும் கொள்வோம். தட்டு பிழையின்றி ஒவ்வொன்றாகவே விடுகிறது. ஆனால் ஒரு விதை மட்டும் தேய்ந்துபோன குழாயில் மோதி 0.08 விநாடி தாமதமாக இறங்குகிறது. அது 12 செ.மீ. தள்ளி விழும், அதற்கு முந்தைய இடைவெளி 32 ஆகவும், அடுத்தது 8 ஆகவும் மாறும். இடைவெளிகளை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 7256-1 (1984) என்ற பன்னாட்டுத் தர முறையில், குறித்த இடைவெளியின் பாதிக்குக் குறைந்தால் அது ‘இரட்டிப்பு’, ஒன்றரை மடங்கை மீறினால் ‘விடுபாடு’. ஆக, பழுதற்ற தட்டின் மீது ஒரே விதையால் இரண்டு குற்றங்கள் ஏறுகின்றன. வேகத்தைப் பாதியாக்கினால் அதே தாமதம் 6 செ.மீ. அளவே தள்ளும், இடைவெளிகள் 26, 14 என்று அமைந்து இரண்டும் ஏற்கத்தக்க எல்லைக்குள் வந்துவிடும். பழைய பொறியை மெதுவாக ஓட்டச் சொல்வதற்கு இது ஒரு காரணம். குழிகள் நிரம்புவதற்குத் தட்டுக்கு நேரம் கிடைப்பது மற்றொன்று.

எனவே பொறிக்கு ஒரு சொற்குடும்பம், மண்ணுக்கு வேறொன்று என்று பிரிப்பதே முறை எனக் கருதுகிறேன். பொறியில் நிகழ்வதற்குத் ‘தனித்தெடுப்பு’ என்பதை முன்வைக்கிறேன். குழி வெறுமையாக வந்தால் ‘வெற்றெடுப்பு’. ஒன்றுக்கு மேல் ஏந்தினால் ‘மிகையெடுப்பு’. மண்ணில் அளப்பதற்கு ‘இடைவெளிச் சீர்மை’, ‘விடுபாடு’, ‘இரட்டிப்பு’க்கு மாற்றாக ‘நெருக்கம்’ ஆகியவை போதும். ‘ஒற்றைப்படுத்தல்’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். ஒற்றைப்படை எண்களின் நினைவு குறுக்கிடுவதால் விட்டுவிட்டேன்.

அன்புடன்.

மறுமொழி:

வணக்கம். பிரிப்பை ஏற்கிறேன். ஆனால் ‘தனித்து’ என்பது எடுப்பவரின் தனிமையைக் குறிக்கும். ‘தனித்து வாழ்ந்தான்’ என்கிறோம் அல்லவா? மேலும், வயலில் நிற்பவர் முளைத்த செடிகளை மட்டுமே பார்க்கிறார். அவருக்கு இரண்டு குடும்பச் சொற்கள் எதற்கு?

மறுமொழிக்கு மறுமொழி:

ஐயா, இலக்கண ஐயம் நியாயமானது. ‘தனியெடுப்பு’ என்றால் அது நீங்கும். ‘மிகையெடுப்பு’, ‘வெற்றெடுப்பு’ ஆகியவற்றோடும் பொருந்தும். அதையே ஏற்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு விடை, செடியைப் பார்த்துப் பழுதைச் சொல்ல முடியாது என்பதில் இருக்கிறது. முளைக்காத விதையும் விடுபாடாகவே தெரியும். பொறியை முட்டுக்கொடுத்து உயர்த்தி, இயக்கு சக்கரத்தைக் கையால் சுற்றி, குழாயைக் கழற்றிவிட்டு விழும் விதைகளை எண்ணினால் தெரிவது தனியெடுப்பு மட்டுமே. அங்கே மிகையெடுப்பு இருந்தால் குழி விதைக்குப் பெரிதாக இருக்கிறது அல்லது நாக்கின் வில் தளர்ந்திருக்கிறது. வெற்றெடுப்பு இருந்தால் குழி சிறிது, அல்லது மருந்து பூசிய விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பின்னதற்குக் கிராஃபைட் தூள் உதவும். சோதனைப் பாத்திகளில் இச்சிக்கல் கூடுதல், ஏனெனில் பாத்திக்குப் பாத்தி இரகமும் விதையின் பருமனும் மாறும்போது, தட்டு மட்டும் மாறாமல் இருந்துவிடுகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் சாலில் இடைவெளி கோணினால், குழாய், கொழு, செயின், மண்ணில் வழுக்கும் சக்கரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்விரு பட்டியல்களுக்கும் பொதுவான உறுப்பு ஏறத்தாழ ஏதுமில்லை.

சிறு பாத்தியில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. 5 மீட்டர் வரிசையில் 20 செ.மீ.க்கு ஒன்று என்றால் 25 செடிகள். ஒரு விடுபாடே 4 விழுக்காடு. நெருக்கத்தைப் பின்னர் செடி கலைத்து, அதாவது மிகுதிச் செடிகளைப் பிடுங்கி, சரிசெய்யலாம். விடுபாட்டின் இருபுறமும் நிற்கும் செடிகளோ கூடுதல் ஒளியும் நீரும் பெற்றுக் கொழுத்து, இரகங்களின் ஒப்பீட்டையே திரித்துவிடக்கூடும். ஆகவே பலர் வேண்டுமென்றே மிகையாக விதைத்துப் பிறகு கலைக்கிறார்கள். ‘சீர்விதைப்பு 90 விழுக்காடு’ என்று மட்டும் எழுதினால், எஞ்சிய 10 எந்தப் பக்கப் பிழை என்பது மறைந்துபோகும்.

கூம்பு விதைப்பானையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு பாத்திக்கென எண்ணி வைத்த விதைகள் முழுவதும் கூம்பின் மேல் கொட்டப்பட்டு, பாத்தியின் நீளத்துக்குள் அது ஒரு சுற்றை முடிக்கும்போது தீர்ந்துவிடுகின்றன. பாத்திக்கு விழும் மொத்தம் துல்லியமானது. ஆனால் எந்த விதையும் தனியாக எடுக்கப்படுவதில்லை. இதற்குத் ‘தனியெடுப்பு’ எனும் சொல் பொருந்தவே பொருந்தாது. ‘பகிர்வு’ என்பது பொருந்தும்.

மறுப்பு இல்லையெனில், கையேட்டின் வரைவில் ‘சீர்விதைப்பு’ வரும் இடங்களைப் பொறியைப் பற்றியவை, மண்ணைப் பற்றியவை எனப் பிரித்து மாற்றி அனுப்புகிறேன்.