மிளகாய் நாத்து: ஃப்ரிட்ஜ் மேலிருந்து மொட்டை மாடிக்கு

மிளகாய் விதையை வீட்டுக்குள் முளைக்க வைத்து மாடிக்கு மாற்றியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் மந்தைவெளி. மூணு வருஷமாகப் போடுகிறேன், அதில் முதல் வருஷம் முழுத் தோல்வி.

மாமியார் ஊர் பரமக்குடி பக்கம். வரும்போதெல்லாம் ஒரு பை குண்டு மிளகாய் வத்தல் கொண்டு வருவார்கள். 2023-ல் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைப் படித்ததிலிருந்து, அந்த வத்தலிலேயே விதை எடுத்து நம்ம மாடியில் வளர்க்கணும் என்று எனக்கு ஒரே ஆசை. அவர்கள் ஊரில் புரட்டாசி மழையை நம்பி நேரே காட்டில் விதைத்துவிடுவார்கள். "ஏம்மா, மிளகா விதையப் போயி வீட்டுக்குள்ள வச்சுக் காவ காக்குற?" என்று அத்தை கேட்டார்கள். நானும் முதலில் நேராக மாடியில் மண் நிரப்பிய செடிப் பையில்தான் தூவினேன். பாதியைப் புறா கிளறியது. மிச்சம் ஒரு மணி நேர மழையில் மண்ணோடு வழிந்தது. கால் அங்குல ஆழத்தில் கிடக்கும் விதைக்கு மொட்டை மாடியில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

பிறகுதான் குழித்தட்டு வாங்கினேன். கோகோபீட்டை (தேங்காய் நார்த்தூள்) மூணு தண்ணீரில் அலசினேன், அதில் உப்பு இருக்கும். பாதிக்குப் பாதி மண்புழு உரம், அழுகல் நோயைத் தடுக்கும் பாக்டீரியாத் தூளான சூடோமோனாஸ் ஒரு ஸ்பூன். விதையை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் மிதந்ததை எறிந்துவிட்டு, மூழ்கியதை மட்டும் விதைத்தேன். வத்தலை உடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். காரம் பிறப்பது விதை ஒட்டியிருக்கும் அந்த வெளுத்த நரம்பில்தான், விதையில் இல்லை. விரலில் ஏறிவிட்டால் வெறும் தண்ணீரில் போகாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, அப்புறம் சோப்புப் போடுங்கள்.

தட்டை ஃப்ரிட்ஜ் தலையில் வைத்தேன், அங்கே எப்போதும் இதமான சூடு. எட்டாம் நாள் காலையில் ஒரு குழியில் வெள்ளைத் தண்டு வளைந்து முட்டிக்கொண்டு நின்றது. சாயங்காலம் நிமிர்ந்துவிட்டது, ஆனால் விதைத்தோல் தலையிலேயே மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கினால் இரண்டு இலையும் சேர்ந்து வந்துவிடும். விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துவிட்டு விட்டேன், மறுநாள் தானே கழன்றது. முளை தெரிந்த அன்றைக்கே ஜன்னல் வெளிச்சத்துக்கு மாற்றிவிடணும். ரெண்டு நாள் தாமதித்தவை நூலாக நீண்டு சாய்ந்தன.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்ததை நான் கொன்றது மாடியில். பங்குனியில் விதைத்ததால் நடும்போது சித்திரை ஆகிவிட்டது. காலை பத்து மணிக்கு நட்டேன். மதியம் வாடியிருக்கிறதே என்று குழாயைத் திறந்து விட்டேன். வெயிலில் கிடந்த பைப்பில் நின்ற தண்ணீர் அது, கை வைக்க முடியாத கொதி. சாயங்காலம் இலையெல்லாம் அப்பளம் மாதிரி வெளுத்துக் கிடந்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

அடுத்த வருஷம் ஆடி முதல் வாரம் விதைத்தேன். ஆறு இலை வந்ததும் தட்டை மாடிக்கு எடுத்துப் போனேன்: முதல் நாள் காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் ரெண்டு, இப்படிப் பத்து நாள் பழக்கினேன். நாற்பது நாள் நாத்தை ஆவணியில், வெயில் தாழ்ந்தபின் நட்டு, நாலு நாள் பச்சை நிழல் வலைக்கு அடியில் விட்டேன். 24 நட்டதில் 21 நின்றது.

*

வணக்கம் அக்கா, நான் பெரம்பூர். எனக்கு நாத்து செத்தது வீட்டுக்குள்ளேயே. ஈரம் போகக்கூடாதென்று ஸ்வீட் டப்பாவில் விதைத்து மூடியே வைத்திருந்தேன். முளைத்த பிறகும் மூடியைத் திறக்கவில்லை. ஒரு காலையில் பார்த்தால் நேற்று நின்ற நாத்தெல்லாம் மண்ணோடு படுத்திருக்கிறது. குனிந்து பார்த்தேன், மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு மட்டும் நூலாகச் சுருங்கி, பழுப்பாகி இருந்தது. மேலே இலை பச்சையாகவே இருந்ததுதான் கொடுமை. நாற்றழுகல், பூஞ்சையால் வருவது. இப்போது முளை வந்த உடனே மூடியை எடுத்துவிடுகிறேன். மேலே தண்ணீர் தெளிப்பதில்லை, தட்டைத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுகிறேன்.

இன்னொன்று, பூத் ஜோலோகியா விதை ஒரு நண்பர் அஸ்ஸாமிலிருந்து கொடுத்தார். 2007-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது அதுதான். பதினைந்து நாள் பார்த்துவிட்டுக் கொட்டப் போனேன், அம்மா தடுத்தார்கள். 23-ம் நாள் முளைத்தது. ஏசி அறையில் வைத்திருந்தது என் தப்பு, 25-லிருந்து 30 டிகிரி கேட்கிற விதை அது.

*

திருவான்மியூர். எங்கள் போர் தண்ணீர் உப்பு, நாத்து இலை ஓரமெல்லாம் கருகுகிறது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றினால்தான் தேறுகிறது. நட்ட பிறகு இலை சுருள்கிறதே, என்ன செய்கிறீர்கள் அக்கா?

*

எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள் தம்பி. மேல்நோக்கிப் படகு மாதிரி மடிந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். ரெண்டுக்கும் ஆரம்பத்திலேயே லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ரெண்டு சொட்டு சோப்பு, சாயங்காலம் இலைக்கு அடியில் படுகிற மாதிரி அடியுங்கள். சுருட்டல் ரொம்ப முற்றிய செடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்றதுக்கு நல்லது. எனக்கு 21-ல் நாலு அப்படிப் போனது.

மிச்சம் பதினேழும் கார்த்திகையில் பழுத்தது. மழையில் காயப்போட இடமில்லாமல் நாலு நாள் ஃபேனுக்கு அடியில் பரப்பி, வெயில் வந்தபோதெல்லாம் மாடிக்குத் தூக்கினேன். பொங்கலுக்கு வந்த அத்தை ஒரு வத்தலை எடுத்துக் காதோரம் ஆட்டினார்கள். உள்ளே விதை கலகலத்தது. "நம்மூருக் காய்தான்" என்று சொல்லிவிட்டு, அதையே உடைத்து அடுத்த ஆடிக்கு விதை எடுத்துக் கொடுத்தார்கள்.