அவுட்போர்டு ஹேண்டிலுக்கு பிவிசி குழாய் நீட்டிப்பு: ஆக்சிலேட்டர் முறுக்கினால் வழுக்குகிறது, என்ன செய்யலாம்?

நண்டுவலை:
மண்டபம் வடகடல் பக்கம் தொழில். 16 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் என்ஜின்). பெரும்பாலும் தனியாகத்தான் நண்டு வலைக்குப் போகிறேன். என்ஜின், பெட்ரோல் டேங்க், நான், எல்லாம் அமரத்திலேயே (படகின் பின்பக்கம்) இருப்பதால் வேகம் கொடுத்ததும் அணியம் (முன்பக்கம்) தூக்கிக்கொள்கிறது. முன்னால் கிடக்கும் வலை மிதப்பு கண்ணில் படுவதில்லை. அடுத்தவர் வலை என்ஜின் விசிறியில் சுற்றிவிடுமோ என்ற பயத்தோடுதான் ஓட்டுகிறேன்.

நடுப்பலகையில் உட்கார்ந்து ஓட்டலாம் என்று ஒன்றரை இஞ்ச் பிவிசி குழாயை ஹேண்டில் பிடியில் செருகி, சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பிடியைத் தாண்டி இரண்டரை அடி நிற்கிறது. படகைத் திருப்ப நன்றாக வருகிறது. ஆக்சிலேட்டர் முறுக்கினால் மட்டும் குழாய் சும்மா சுற்றுகிறது. காய்ந்திருந்தால் பிடிக்கும், உப்புத் தண்ணீர் பட்டதும் வழுக்கும். இரும்புக் குழாய்க்கு மாறிவிடலாமா?

பட்டறை மேசை:
இரும்பு வேண்டாம் அண்ணே. கனம் முழுக்க ஹேண்டில் கீல் மேல் இறங்கும், என்ஜின் அதிர்வில் ஆட்டமும் கூடும். அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஸ்டீல் கிளிப் தொடும் இடத்தில் பொரிந்துபோகும். பிவிசியே போதும், அளவுதான் சரியில்லை.

ஒன்றரை இஞ்ச் ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமன் ரகம்) குழாயின் உள்விட்டம் சுமார் 41 மி.மீ. உங்கள் பிடியை நூல் சுற்றி அளந்து, 3.14ஆல் வகுத்து விட்டம் பாருங்கள், 35 மி.மீ. பக்கம் வந்தால் ஒன்றேகால் இஞ்ச் எடுங்கள். அதன் உள்விட்டமும் கிட்டத்தட்ட 35தான். குழாயின் வாயை நன்றாகக் கொதிக்கும் தண்ணீரில் கொஞ்ச நேரம் முக்கிப் பிடித்தால் இளகிவிடும். கையுறை போட்டுக்கொண்டு பிடியில் அழுத்திச் செருகி, ஆறும்வரை அசைக்காமல் விடுங்கள். பிடியில் இருக்கும் வரிகளின் அச்சு உள்ளே விழுந்துவிடும். வழுக்கலை நிறுத்துவது அந்த அச்சுதான்.

அப்புறம் கழற்றி, வாயிலிருந்து 8 செ.மீ. நீளத்துக்கு நாலு கீறல் அறுங்கள். கீறல் முடியும் இடத்தில் 5 மி.மீ. துளை போட மறக்காதீர்கள். துளை இல்லாவிட்டால் கீறல் அங்கிருந்து வெடித்துக்கொண்டே போகும். மேலே இரண்டு ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப், திருகுத் தலை கீழ்ப்பக்கம். மேலே இருந்தால் சட்டையைக் கொக்கி போட்டு இழுக்கும். 316 ரக ஸ்டெயின்லெஸ் கிளிப் கிடைத்தால் அதையே வாங்குங்கள், சாதாரணக் கிளிப் கடலில் சீக்கிரம் துருப்பிடிக்கும். செருகும்போது சோப்பு, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஹேண்டிலில் ஆக்சிலேட்டரை இறுக்கி வைக்கும் திருகு இருக்கிறதா பாருங்கள். அது அதிகமாக முறுக்கியிருந்தால் எந்தக் குழாயும் வழுக்கத்தான் செய்யும்.

அணியத்து ஆள்:
தம்பி, வழுக்கலைவிட நீளம்தான் எனக்கு உறுத்துகிறது. என்ஜின் திரும்பும் அச்சிலிருந்து பிடி நுனி வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை அடி சேர்ந்தால் 135 செ.மீ. ஹேண்டிலை 45 டிகிரி ஒடித்தால் நுனி நடுவிலிருந்து 95 செ.மீ. தள்ளிப் போகும். படகின் அகலம் ஒன்றரை மீட்டர் என்றால் உங்கள் கை விளிம்பைத் தாண்டி வெளியே நிற்கும். பிடியைத் தாண்டி ஒன்றரை அடி போதும், அதே ஒடிப்பில் 74 செ.மீ.தான் வரும், கை உள்ளேயே இருக்கும். கரையில் வைத்து இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

நுனியில் சாய்ந்து நிற்கவே கூடாது. நீளம் கூடக்கூட உடம்பின் எடை கீல் பிடிக்கும் அலுமினிய வார்ப்பை நெம்பும். அது உடைந்தால் நடுக்கடலில் ஓட்ட வழியில்லை. வடகடல் ஆழம் குறைவு, திட்டில் தட்டி என்ஜின் பின்னால் எழும்போது ஹேண்டில் சட்டென்று கீழே இறங்கும். ஹேண்டில் மேலே மடங்கத் தடையில்லாமல் இருக்க வேண்டும். குழாயைப் பலகையோடு கயிறு போட்டுக் கட்டிவிடாதீர்கள், குழாய்க்கு அடியில் முழங்காலையும் வைக்காதீர்கள்.

கரைமேல்:
எனக்குத் தெரிந்து முதலில் சுமையை மாற்றிப் பார்க்க வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேன், ஐஸ் பெட்டி, நங்கூரம், எல்லாவற்றையும் அணியத்துக்குத் தள்ளுங்கள். ஒரு ரூபாய் செலவில்லை. பாதிப் பிரச்சினை அதிலேயே தீரலாம். தீர்ந்தால் குழாயும் சின்னதாகப் போதும்.

இன்னொன்று, இதை யாரும் சொல்லவில்லை. கில் சுவிட்ச் (ஆள் விழுந்தால் கயிறு இழுபட்டு என்ஜினை அணைக்கும் சுவிட்ச்) கயிறு அமரத்தில் உட்காருகிறவருக்கான நீளம். நடுப்பலகைக்கு எட்டாது என்று கழற்றி வைத்துவிடாதீர்கள். இழுபடாத பின்னல் கயிற்றால் நீட்டி, லைஃப் ஜாக்கெட்டில் மாட்டுங்கள். குழாயில் மாட்டினால் நீங்கள் விழுந்தாலும் என்ஜின் ஓடிக்கொண்டேயிருக்கும். ஹேண்டில் விட்ட படகு பெரும்பாலும் ஒரு பக்கமாக ஒடிந்து வட்டமடித்துத் திரும்பி வரும், விசிறியோடு. தனியாகப் போகிறவருக்குக் கியரைத் தட்டிவிட வேறு ஆள் கிடையாது, உங்கள் கைக்கும் அப்போது எட்டாது.

நண்டுவலை:
எல்லாருக்கும் நன்றி. பிடி 36 மி.மீ. ஒன்றேகால் இஞ்ச் குழாய் வெந்நீரில் இளக்கியதும் ஏறிவிட்டது. ஒன்றரை அடி, இரண்டு கிளிப். இறுக்குத் திருகு இருந்தது, கால் சுற்றுத் தளர்த்தினேன். ஈரக் கையோடு முறுக்கினாலும் பிடி கூடவே சுற்றுகிறது. டேங்கை நடுப்பலகைக்கு அடியில் தள்ளிவிட்டேன், பெட்ரோல் டியூப் எட்டியது. அணியம் இன்னும் கொஞ்சம் தூக்குகிறது, ஆனால் மிதப்பு தெரிகிறது. கில் சுவிட்ச் கயிறு நீட்டி, தண்ணீரில் நிறுத்திவைத்து இழுத்துப் பார்த்தேன், உடனே அணைகிறது.

ஒரு சந்தேகம், குழாய் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்?

பட்டறை மேசை:
நாள் கணக்குச் சொல்ல முடியாது அண்ணே. வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டினால் மாற்றிவிடுங்கள். அந்த நிலையில் வளையாமல் படக்கென்று ஒடியும். பெயிண்ட் ஒரு கை அடித்தால் வெயில் நேரடியாகத் தாக்காது. கரைக்கு வந்ததும் கிளிப்பைத் தளர்த்தி நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், கீறல் முனைத் துளைகளைச் சுற்றி மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.