எரேமியா 29:11 கையில் இருந்தால் திட்டமே போடக்கூடாதா?

பொருநைக்கரையான்:
வருஷப் பிறப்பு ஆராதனையில் அந்த வருஷத்துக்கான வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்த நாளிலிருந்து எங்கள் சபை வாட்ஸ்அப் குழுவில் ஒரு அண்ணன் தினமும் இதையேதான் போடுகிறார்: "விசுவாசி இலக்கு எழுதி வைக்கக் கூடாது. காப்பீடும் சேமிப்பும் அவிசுவாசம். எரேமியா 29:11 போதும்." உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம் அது. எனக்குப் பொறுக்கவில்லை. பதினொன்றுக்கு முந்தின வசனத்தை அவர் வாசித்தாரா? பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட யூதருக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; எழுபது வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவீர்கள் என்கிறது. நாற்பது வயதில் அந்தக் கடிதத்தைக் கேட்டவன் நூற்றுப்பத்து வயதில்தான் எருசலேமைப் பார்க்க முடியும்! அவனைச் சும்மா உட்காரச் சொல்லவில்லையே. வீட்டைக் கட்டு, தோட்டம் போடு, பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணு என்று ஐந்திலும் ஆறிலும் இருக்கிறது. இதற்குப் பெயர் திட்டம் இல்லையா?

விசுவாசப்பாதை:
அந்த அண்ணன் நான்தான். முதுகுக்குப் பின்னால் ஏன் பேச வேண்டும் அண்ணாச்சி? ஐந்து வருஷத் திட்டம் எழுதி, கடையில் என் மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருந்தவன் நான். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சட்டரை இறக்கினேன், திட்டமும் அதோடு போயிற்று. நாளைக்கு நடப்பது உனக்குத் தெரியாது என்று யாக்கோபு நாலாம் அதிகாரம் சொல்வதை அன்றைக்கு என் கண்ணால் பார்த்தேன். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டுவேன் என்றவன் கதி என்ன ஆயிற்று? அன்று ராத்திரியே உயிர் கேட்கப்பட்டது, லூக்கா 12.

கணக்குச்சரி:
ஒரு நிமிஷம். யூதாவின் ராஜா எகொனியாவோடு ஜனங்களைக் கொண்டுபோனது கி.மு. 597. பெர்சிய ராஜா கோரேஸ் திரும்பிப் போக உத்தரவு கொடுத்தது 538. 59 வருஷம்தான் வருகிறது. எழுபது எங்கே?

பொருநைக்கரையான்:
ஆலயம் இடிபட்டது 586, திரும்பக் கட்டி முடித்தது 516. எழுபது. போதுமா? அண்ணன் சொன்ன அதே யாக்கோபு, ஆண்டவருக்குச் சித்தமானால் இன்னின்னதைச் செய்வோம் என்று சொல்லுங்கள் என்கிறார். எதையும் செய்யாதே என்று எங்கே சொன்னார்? எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டின நெகேமியாவைப் பாருங்கள். ராஜா கேட்டதும் முதலில் ஜெபம். அடுத்த மூச்சில் எத்தனை நாள் ஆகும் என்று காலக்கெடு சொல்கிறான், மரத்துக்குக் கடிதம் கேட்கிறான். ராத்திரியில் போய் இடிந்த அலங்கத்தைச் சுற்றிப் பார்க்கிறான். 52 நாளில் வேலை முடிந்தது.

கணக்குச்சரி:
ஆலயம் கட்டினது வேறு, ஜனங்கள் திரும்பினது வேறு. கடிதத்தைக் கேட்டவன் 597-லேயே போனவன், நீங்கள் சொன்ன நூற்றுப்பத்து வயசு 586 கணக்கில் நிற்காது.

உப்பளத்துக்காரி:
அண்ணே, நாங்க தூத்துக்குடிப் பக்கம். மழை விழுந்தா உப்பளத்துல வேலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகைக்குன்னு எடுத்து வைக்காத வீட்டுல உலை கொதிக்காது. உப்பு வாருற மாசத்துல வாரக்கூலி வந்ததும் எங்க அம்மை சீட்டுப் பணத்தைத் தனியா ஒரு துணியில முடிஞ்சு, அது மேல கைய வச்சு ஜெபம் பண்ணிட்டுத்தான் மிச்சத்தைத் தொடுவா. அவளுக்கு விசுவாசம் இல்லன்னு யாராவது சொல்லிப் பாருங்க.

விசுவாசப்பாதை:
உங்கள் அம்மாவைச் சொல்லவில்லை தங்கச்சி. ஆனால் வனாந்தரத்தில் தேவன் நாள்தோறும் கொடுத்த மன்னாவை மறுநாளுக்கு எடுத்து வைத்தவன் பாத்திரத்தில் புழுதான் இருந்தது.

பொருநைக்கரையான்:
ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னாரே, அதில் புழு பூத்ததா? அதே யாத்திராகமம் 16தான், அண்ணன் பாதியோடு நிறுத்திவிட்டார். எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தது அவிசுவாசமா? எரேமியாவிலும் இதே பாதி வாசிப்புத்தான். எழுபது வருஷத்தை விட்டுவிட்டு வாக்குத்தத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் அது எரேமியா பேச்சு இல்லை. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று முந்தின அதிகாரத்தில் ஒருவன் சொன்னான். அனனியா. அவன் பேச்சு.

விசுவாசப்பாதை:
என்னைக் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறீர்களா? அந்த அனனியா அதே வருஷம் செத்துப்போனான். சாபம் போடுகிறீர்களா?

பொருநைக்கரையான்:
சாபம் எங்கே போட்டேன்? எழுபது வருஷத்துக்குப் பதில் சொல்லுங்கள் என்கிறேன்.

விசுவாசப்பாதை:
உங்கள் திட்டத்தின் லட்சணம் ஊருக்கே தெரியும். போன அசன விருந்துக்கு அரிசிக் கணக்குப் போட்டது யார்? கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவர்கள் வெறும் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

பொருநைக்கரையான்:
நான் எழுதிக் கொடுத்தது பன்னிரண்டு மூட்டை. "ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று ஒன்பதாகக் குறைத்தது யார்? சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது, குறைத்தவர் கையெழுத்தோடு.

உப்பளத்துக்காரி:
சோத்துச் சண்டைய சபையில வச்சுக்கிடுங்க.

கணக்குச்சரி:
609-ல் அசீரியாவின் கடைசி ராஜா ஆரான் பட்டணத்தைத் திரும்பப் பிடிக்கப் போய்த் தோற்றான், 539-ல் பாபிலோன் விழுந்தது. எழுபது என்பது பாபிலோன் ஆண்ட காலம். அப்படிப் பார்த்தால்தான் கணக்கு சரி. பொருநை அண்ணாச்சி போட்டது தப்பு.

பொருநைக்கரையான்:
609 ஆகட்டும், 586 ஆகட்டும், காத்திருந்தவன் வீடு கட்டித்தான் காத்திருந்தான். அதற்கு அண்ணன் இன்னும் பதில் சொல்லவில்லை.

விசுவாசப்பாதை:
பதினொன்றாம் வசனம்தான் என் பதில். அந்தச் சீட்டைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், அது யார் கையெழுத்து என்று பார்த்துவிடலாம்.