பொறுமையும் விடாமுயற்சியும் ஒன்றுதானா?

கேள்வி:
அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து 7 மாதம் ஆகிறது. வலது கை. தினமும் காலையில் சட்டைப் பொத்தானைத் தானே போடப் பார்க்கிறார். கட்டைவிரல் பொத்தானைத் துளைவரை கொண்டுவந்துவிடும். அந்தப் பக்கம் சுட்டுவிரல் வாங்கிக்கொள்ளாது, நழுவிவிடும். மறுபடி முதலிலிருந்து. நேற்று ஒரே பொத்தானுக்கு 11 நிமிடம். என்னை அறியாமல் கை நீண்டுவிட்டது. "பொறுமையா இருங்கப்பா, நான் போட்டுவிடறேன்" என்றேன். "பொறுமை இல்லாதது உனக்குத்தாம்மா" என்றார். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. அவரிடம் இருப்பது பொறுமையா, விடாமுயற்சியா? என்னிடம் இல்லாதது எது?

பதில் 1:
சகோதரி, இரண்டும் வேறு. 'பொறு' என்றாலே தாங்குவது, சுமப்பது. வலி பொறுக்கிறோம், பாரம் பொறுக்கிறோம். 'பொறுப்பு'கூட அந்த வேரில் வந்ததுதான். காத்திருப்பது என்கிற பொருள்தான் இன்று முன்னால் நிற்கிறது. குறளில் பொறையுடைமை 16ஆம் அதிகாரம், அறத்துப்பால். பேச்செல்லாம் பிறர் செய்ததைத் தாங்குவது பற்றி. தன்னைத் தோண்டுகிறவரையே தாங்கும் நிலத்தில்தான் தொடங்குகிறது. முயற்சிக்கு ஆள்வினையுடைமை, 62ஆம் அதிகாரம், பொருட்பால். 'மெய்வருத்தக் கூலி தரும்' என்பது அங்கே. உடம்பை வருத்திய அளவுக்குக் கூலி. அப்பா செய்வது அதுதான். பொறுமை உங்கள் பங்கு.

பதில் 2:
இப்படிப் பிரித்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. என் மகனுக்குத் திக்குவாய். 'ப'வில் மாட்டிக்கொண்டு உதடு ஒட்டியபடி நிற்பான். என்ன சொல்ல வருகிறான் என்று எனக்குத் தெரியும். எடுத்துக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். வாயை மூடிக்கொண்டு, அவன் கண்ணைப் பார்த்தபடி நிற்கப் பழகவே எனக்கு 2 வருடம் ஆனது. எத்தனையோ நாள் தோற்றிருக்கிறேன், மறுநாள் மறுபடி முயன்றிருக்கிறேன். பொறுமைக்கே விடாமுயற்சி வேண்டும் அக்கா. அப்பா பொத்தான் போடும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

பதில் 3:
விடாமுயற்சி வேறு, விடாப்பிடி வேறு என்பதையும் பாருங்கள். ஒரே வழியில் முட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கீழ்ப் பொத்தானிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். குனிந்தால் பொத்தானும் துளையும் கண்ணுக்குத் தெரியும்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இன்று காலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். விரல் விரலை இறுக்கிப் பிடித்ததில் வலித்தது. அப்பா கீழிருந்து தொடங்கினார். 4 பொத்தான் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "கழுத்துக்கிட்ட இருக்கறது எனக்குத் தெரியல. அதை நீ போடு" என்றார்.