மாலத்தீவில் ஸ்கூபா இன்ஸ்ட்ரக்டர் வேலை: காரைக்குடியிலிருந்து போக வழி என்ன?

காரைக்குடி தம்பி:
வணக்கம். கேட்டரிங் படித்துவிட்டு இங்கே ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் புதுச்சேரியில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு கடலுக்குள் இறங்குவது) முதல் நிலையான ஓப்பன் வாட்டர் கோர்ஸ் முடித்ததிலிருந்து வேறு நினைப்பே இல்லை. ஓர் ஏஜெண்ட், பணம் கட்டினால் மாலத்தீவு ரிசார்ட்டில் நேரே இன்ஸ்ட்ரக்டராகச் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார். அப்பச்சி, "தண்ணிக்குள்ள போறதுக்கா படிக்க வச்சேன்" என்று கோபமாக இருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை டைவர்:
தம்பி, அந்த ஏஜெண்டிடம் காசு கொடுக்காதே. ஓப்பன் வாட்டர் மட்டும் முடித்த ஆளை இன்ஸ்ட்ரக்டராக வைக்கவே முடியாது. 'பாடி' (PADI) என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் முறையில் அட்வான்ஸ்டு, ரெஸ்க்யூ, டைவ்மாஸ்டர் (டைவர்களை வழிநடத்துகிறவர்), அப்புறம்தான் இன்ஸ்ட்ரக்டர் பயிற்சி. டைவ்மாஸ்டர் முடிக்க 60 டைவ், இன்ஸ்ட்ரக்டர் தேர்வுக்கு 100 டைவ் லாக் புத்தகத்தில் இருக்க வேண்டும். அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்குப் போய் டைவ்மாஸ்டர் முடித்து, ஒரு சீசன் அங்கேயே வேலை பார்.

நான் மாலத்தீவில்தான் இருக்கிறேன். விடிந்ததும் சிலிண்டர்களைப் படகில் ஏற்ற வேண்டும், சாயங்காலம் எல்லாச் சாமானையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். உடம்பு வேலைதான். ஆனால் உண்மையான வேலை பயந்த மனிதர்களிடம். முதல் தடவை இறங்குகிறவர் முகமூடிக்குள் தண்ணீர் புகுந்ததும் மேலே பாயப் பார்ப்பார். 10 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைவிட இரண்டு மடங்கு. மூச்சை அடக்கிக்கொண்டு சட்டென்று ஏறினால் நுரையீரல் கிழியலாம். அவர் கண்ணைப் பார்த்தே அதைப் புரிந்து, கையைப் பிடித்து நிறுத்தி, மூச்சுவிட வைக்க வேண்டும். அதே ஆள் கொஞ்ச நேரத்தில் ஆமையைப் பார்த்துவிட்டுக் கண் விரிய என்னைத் திரும்பிப் பார்ப்பார். எனக்கு அது போதும்.

ஊருணியில் நீந்திய தைரியம் இங்கே பாதிதான். தீவுகளுக்கு நடுவே நீரோட்டம் ஆளையே இழுத்துப் போகும். ஜெர்மனோ ரஷ்யனோ சீனமோ கொஞ்சம் பேசத் தெரிந்தால் வேலை கிடைப்பது சுலபம். இன்னொன்று: ஆத்தா கொடுத்தார்கள் என்று பிள்ளையார்பட்டி பிள்ளையாரைப் பெட்டியில் வைக்காதே. வழிபாட்டுச் சிலைகளை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை.

கண்டனூர் அக்கா:
என் தம்பியும் இந்த வேலையில்தான் இருக்கிறான். அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்னால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். சைனஸ் தொல்லை இருந்தால் தினமும் இறங்கும் வேலை ரொம்பக் கஷ்டம். ஒப்பந்தத்தில் டைவிங் இன்சூரன்ஸ் இருக்கிறதா, அழுத்த அறை சிகிச்சைச் (வேகமாக மேலே ஏறி உடம்பு பாதித்தால் தருவது) செலவு அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்பச்சி விஷயம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய ஐயாக்களின் ஊர் நம்முடையது. கடல் தாண்டுவது அவர்களுக்குப் பயமில்லை, கடலுக்குள் இறங்குவதுதான் பயம். அதனால் சம்பளத்தைப் பேசாமல் விதிகளைச் சொல்லுங்கள்: மாலத்தீவில் 30 மீட்டருக்குக் கீழே போகக்கூடாது, தனியாக இறங்கக்கூடாது, அடுத்தடுத்து டைவ் செய்தபின் 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. என் அப்பச்சி இதையெல்லாம் கேட்டபிறகுதான் சம்மதித்தார்கள்.

காரைக்குடி தம்பி:
ரொம்ப நன்றி அக்கா. அண்ணே, ஏஜெண்டை விட்டுவிட்டேன். ஹேவ்லாக்குக்கு எப்போது போகலாம்?

தேவகோட்டை டைவர்:
அக்டோபரிலிருந்து மே வரை சீசன். ஜூனில் மழை பிடித்துவிடும், கடல் கலங்கும். அக்டோபருக்கே போய்விடு, காது டாக்டரை இந்த வாரமே பார்.