மும்பையிலிருந்து பாளையங்கோட்டைக்கு: ஊர் திரும்பியபோது எங்களுக்கு இருந்த பெரிய வேலை

அப்பாவுக்கு உடம்பு தளர ஆரம்பித்ததும், பல வருஷம் இருந்த முலுண்டை விட்டுக் குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டோம். இதே யோசனையில் இருக்கும் நண்பர்கள் வாடகை, விலைவாசி பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அதெல்லாம் சீக்கிரம் பழகிவிடும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் முதலில் யோசிக்க வேண்டியது தமிழ்ப் பாடத்தைத்தான்.

என் மகளை ஆறாம் வகுப்பில் சேர்த்தோம். நெல்லைத் தமிழை அவள் ஆச்சி மாதிரியே பேசுவாள். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அங்கே படித்தது ஆங்கிலம், இந்தி, மராத்தி. மகாராஷ்டிரத்தில் 2020ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் மராத்தி கட்டாயம். இங்கே தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் இருக்கிறது. 2006-07இல் முதல் வகுப்பில் தொடங்கி, வருஷத்துக்கு ஒரு வகுப்பாக ஏறி, 2015-16இல் பத்தாம் வகுப்பை எட்டியது. அதே 2015-16 முதல் சிபிஎஸ்இ போன்ற மற்றப் பாடத்திட்டப் பள்ளிகளிலும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் வந்துவிட்டது. “சிபிஎஸ்இயில் போட்டால் தமிழ் வேண்டாம்” என்று சொந்தக்காரர்கள் சொன்னால் நம்பாதீர்கள்.

தேவநாகரி படித்த பிள்ளை எங்கே தடுமாறும் என்பது கூடவே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. அதில் க வரிசைக்கு நாலு எழுத்து, நமக்கு ஒன்றுதான். கடல், தங்கம், அகம் மூன்றிலும் ஒரே க, ஓசை வேறு வேறு. பேச்சு தெரிந்த பிள்ளை என்பதால் சொல் இன்னதென்று பிடிபட்டதுமே ஓசை தானாக வந்துவிட்டது. ஆனால் எ, ஏ விஷயம் அப்படி இல்லை. இந்தியிலும் மராத்தியிலும் அந்தக் குறில், நெடிலுக்குத் தனித்தனி எழுத்து கிடையாது. ரொம்ப நாள் செடியைச் ‘சேடி’ என்றே எழுதிக்கொண்டிருந்தாள். ‘கொ’ எழுதும்போது எழுத்தின் இரண்டு பக்கமும் குறி வருவது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். ள, ண இரண்டும் மராத்தியிலேயே இருப்பதால் சுலபமாக வந்துவிட்டன.

அவளுக்கு வாசிப்பு வந்தது பாதி ஆச்சியால், பாதி டவுன் பஸ்ஸால். பலகையில் ‘சந்திப்பு’ என்று இருக்கும், கண்டக்டர் ‘ஜங்ஷன்’ என்று கூப்பிடுவார். வண்ணார்ப்பேட்டை, சமாதானபுரம் எல்லாம் அவள் பஸ் பலகையில் எழுத்துக்கூட்டிப் படித்த பெயர்கள். “ஏட்டி, அவசரப்படாம ஒவ்வொரு எழுத்தா பாரு” என்பார் ஆச்சி. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து தொடங்கியதுதான் நாங்கள் செய்ததிலேயே நல்ல காரியம். அரசுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் அடிப்படைப் பாடங்கள் உண்டு. செய்யுள் இன்னமும் கஷ்டம்தான். வீட்டில் ‘வந்தாவ’ என்று பேசுகிற பிள்ளைக்கு ‘வந்தனர்’ என்பதே புதிது.

அடுத்தது கார். எம்எச் என்று தொடங்கும் மகாராஷ்டிர நம்பரோடு வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டினால் புது நம்பர் வாங்கியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆவது பிரிவு சொல்வது அது. அதற்குப் பழைய ஆர்டிஓவிடம் படிவம் 28இல் என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று, வாங்க வேண்டும். சேஸிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டித் தர வேண்டும், கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும், அபராதம் பாக்கி இருக்கக் கூடாது. இதையெல்லாம் அங்கிருந்து கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். இங்கே வண்டியின் வயதைப் பார்த்து வரி போடுவார்கள்; அங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். எங்களுக்கு அது இன்னும் வந்துசேரவில்லை.

ரேஷன் கார்டுக்கு அங்கே பெயர் நீக்கிய சான்று வேண்டும். வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8.

பிள்ளைகள் பெரிய வகுப்பில் இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பொறியியல் கலந்தாய்வில், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டில் படிக்காத பிள்ளைகளிடம் இருப்பிடச் சான்று கேட்கிறார்கள். அதை வாங்க அப்பா அம்மா இங்கே படித்த மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்று போன்றவை உதவும். முலுண்டில் பரண்மேல் கிடந்த என் பழைய பள்ளிச் சான்றிதழ்களைத் தூக்கிப் போடாமல் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்தோம்; மகள் ஆறாம் வகுப்பிலேயே இங்கே சேர்ந்துவிட்டதால் அவளுக்கு அது தேவைப்படாமலும் போகலாம்.